புது வண்டிக்கு முதல் மொட்டை

ஏனுங்க, இந்தச் சேருக்கு ஆராவது வர்றாங்களா? இல்லீங்களா, அப்ப உக்காந்துக்கறேன். முட்டி வலி, சித்த நேரம் நின்னாலே புடிச்சுக்குது. கையில வண்டி புக்கு வெச்சிருக்கறீங்க, புதுசா எடுத்திருக்கீங்க போல. சந்தோசமுங்க, நெம்ப சந்தோசம். ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்கக்கூடாது. ஆயிலு மாத்திட்டீங்களா?

பாத்தீங்களா, சிரிக்கறீங்க. எங்க மாப்பிள்ளையும் இப்படித்தான் சிரிச்சாரு. இப்ப அவரு காரு இந்தச் சர்வீஸ் ஷெட்டுக்குள்ளே தூக்கி நிறுத்திக் கெடக்குது. அது வேற கதை, அதுக்கும் ஆயிலுக்கும் சம்பந்தமில்லை. சொல்றேன் கேளுங்க. உங்களுக்கும் ஒண்ணும் அவசரமில்லையே? எனக்கும் மெட்ராஸ்ல இருந்து ஒரு ஆளு வர்ற வரைக்கும் சோலி இல்லை.

எம் பேரு மருதாசலமுங்க. அரசு பஸ் டிப்போவுல முப்பத்துநாலு வருசம். கடைசி ஒம்பது வருசம் ஹெட் மெக்கானிக்கு. என் கையில சர்வீஸ் ஆன வண்டி நடுரோட்டுல நின்னுபோச்சுன்னு ஒரு கண்டக்டர் வந்து சொன்னதில்லீங்க. குழிக்குள்ள எறங்கிக் கண்ணை மூடிட்டுத் தடவியே, இது இஞ்சின் போல்ட்டு, இது கியர்பாக்ஸ் போல்ட்டுன்னு சொல்லுவேன். ரிட்டயர் ஆகிப் பதினோரு வருசம் ஆச்சு. அதுக்காகக் கை மறந்துருமுங்களா?

இஞ்சினுங்கறது என்னுங்க? இரும்பும் இரும்பும் உரசற எடம். புதுசுல ஒண்ணுக்கொண்ணு பழகற வரைக்கும் தேயும். தேஞ்சா தூளு உளுகும். அந்தத் தூளு எங்கே போகும்? ஆயில்லதான் கெடக்கும். டிப்போவுல புது இஞ்சின் எறக்குனா மொதல் ஆயிலைச் சீக்கிரமே வடிச்சுருவோம். வடிச்சதை வெயில்ல புடிச்சுப் பாத்தீங்கன்னா சரிகையாட்ட மினுங்கும். அதை உள்ளயே வெச்சுப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டுன்னு புக்குல போட்டிருக்கறான். மண்ணு உளுந்த சோத்தை ஒரு வருசம் தின்னுன்னு சொல்றாப்பல.

நான் எங்க மாப்பிள்ளைகிட்ட இப்படித்தான் சொன்னேன். புள்ளை பொறக்குது. தலையில இருக்கறது கருவுல வந்த முடி. அதை அப்படியே உட்டு வளக்கறமா? கொலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி, தாய்மாமன் மடியில உக்கார வெச்சு மொட்டை அடிக்கறோம். அப்பறம் வர்ற முடிதானே முடி? வண்டியும் அப்படித்தான் மாப்பிள்ளை, கம்பெனியில ஊத்துன ஆயிலு கருவுல வந்த முடி, அதை எறக்குனாத்தான் அது நம்ம வண்டின்னேன். என்ன தப்பு சொல்லுங்க? அவரு சிரிச்சாரு.

மாப்பிள்ளை பேரு கௌரிசங்கரு. தங்கமான மனுசன், அதுல ஒண்ணும் கொறை இல்லை. திருப்பூர்ல பனியன் கம்பெனியில குவாலிட்டி பாக்கறாரு. ஒரு தையல் கோணையாப் போனா உருப்படியைத் தூக்கி ஓரத்துல போடற ஆளு. எங்க பொண்ணு மேகலாவைத்தான் கட்டியிருக்கறாரு. பேத்தி நறுமுகைக்குப் பதினோரு மாசம். இந்த வண்டி எடுத்து மூணு மாசம் ஆச்சு. கிளச்சே இல்லாத வண்டிங்க. எடது காலுக்கு வேலையே இல்லை. எனக்கு அப்பவே புடிக்கலை, சொல்லலை. சரி, சொன்னேன். ஒரு நாலஞ்சு தடவை சொன்னேன்.

அவருக்கு எல்லாம் புக்குதான். இந்தக் காலத்துல மிசினே எல்லாத்தையும் கடையறதுனால தூளு நெம்பக் கம்மியாம். அப்படியே உளுந்தாலும் ஃபில்டர் புடிச்சுக்குமாம். அவசரப்பட்டு வடிச்சா ஒரு புண்ணியமும் இல்லையாம். பொறுமையாத்தான் சொன்னாரு. கடைசியில, "மாமா, வாரண்டி இருக்குதுங்க. நாம கை வெச்சா கம்பெனிக்காரன் ஒதுங்கிக்குவான். வண்டியில மட்டும் கை வெச்சுறாதீங்க"ன்னாரு. நான் தலையை ஆட்டுனேன். சத்தியமெல்லாம் பண்ணலீங்க. தலைதான் ஆட்டுனேன்.

ஆயிரம் கிலோமீட்டர் ஆனதும் இலவச செக்கப்புக்கு இங்கதான் கொண்டாந்தோம். தண்டபாணின்னு ஒரு மெக்கானிக்கு. அதா, கண்ணாடிக்கு அக்கட்டால நிக்கறான் பாருங்க, நீலச் சட்டை. அவனைத் தனியாக் கூப்புட்டு, ஏப்பா, மாப்பிள்ளைக்குத் தெரியாம ஆயிலை மாத்திருன்னேன். அய்யா, புக்குல இல்லாததைப் பண்ணுனா எனக்கு வேலை போயிருமுங்க, ரெண்டு புள்ளைங்களைப் படிக்க வெக்கறேன்னான். மரியாதையாத்தான் சொன்னான். கீழே படுத்துப் பாத்தான், சீட்டுல டிக்கு அடிச்சான், கையெழுத்துப் போட்டான். அவ்வளவுதான்.

இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன். இதை நான் ஆருகிட்டயும் சொன்னதில்லீங்க. எங்கூட்டுக்காரி ருக்குமணிக்குக்கூடத் தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்சமாதிரி. நீங்க ஆரோ எவரோ, அதனால சொல்றேன்.

போன வாரத்துக்கு முந்துன வாரம் ஞாயித்துக்கிழமை பேத்திக்கு மொட்டை. காங்கேயத்துக்கு அக்கட்டால எங்க மாப்பிள்ளை ஊட்டுக் கொலதெய்வம். ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாத்துக்கும் சொல்லியாச்சு, கெடாய்க்கும் சொல்லியாச்சு. வெள்ளிக்கிழமையே மேகலா புள்ளையோட வண்டியில வந்துட்டா. மாப்பிள்ளைக்குச் சனிக்கிழமை வேலை, ராத்திரிதான் வந்து சேருவாரு. சனிக்கிழமை காலையில வண்டி எங்கூட்டு வாசல்ல நிக்குது. நான் காப்பி குடிச்சுட்டே பாக்கறேன், அது என்னையப் பாக்கறாப்பலயே இருக்குது. புள்ளைக்கு நாளைக்கு மொட்டை. வண்டிக்கு இன்னைக்கே அடிச்சா என்ன? ரெண்டும் ஒண்ணாச் சாமிக்கு முன்னால போய் நிக்கட்டுமே? என்ன அருமையான ரோசனை, சொல்லுங்க.

மேகலாகிட்ட, அம்மிணி, வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வெச்சுட்டு வந்தர்றேன், சாவியைக் குடுன்னேன். குடுத்துட்டா. நேரா மச்சினன் சின்னச்சாமி தோட்டத்துக்குப் போயிட்டேன். அவன் டிராக்டருக்குன்னு ஒரு குழி தோண்டிச் சிமெண்டு பூசி வெச்சிருக்கறான். வண்டியை அதுக்கு மேல நிறுத்திட்டு உள்ளே எறங்குனேன் பாருங்க, பதினோரு வருசம் கழிச்சு! அந்த வாசம் மூக்குல ஏறுனதும் எனக்கு முட்டி வலியே போயிருச்சுங்க. மெய்யாலுமே சொல்றேன், கண்ணுல தண்ணி வந்துருச்சு. மச்சினன் செல்லுல வெளிச்சம் அடிக்கறான். அடியில பிளாஸ்டிக்குத் தட்டு. அதைக் கழட்டுனேன். போல்ட்டு கண்ணுக்கு நேராத் தெரியுது. ஒரே முறுக்கு. வந்துச்சுங்க ஆயிலு, கொளகொளன்னு.

ஃபில்டர் மாத்தலை. ஃபில்டர் வேணும்னா இங்க வந்துதான் வாங்கணும், விசயம் வெளியே வந்துரும். மூணரை லிட்டர் வடிஞ்சுது. மூணரை லிட்டர் நயம் ஆயிலு வாங்கி வெச்சிருந்தேன், மேல ஊத்துனேன். குச்சியை உட்டுப் பாத்தா, மேல் கோட்டுக்கு மேல நாலு விரக்கடை நிக்குது. மச்சினன், ஏனுங் மச்சான், எச்சாப் போச்சாட்டருக்குதேன்னான். அட போடா, குச்சியிலயே தப்பாக் கோடு போட்டிருக்கறான் கம்பெனிக்காரன்னேன். இப்ப வர்ற சாமானெல்லாம் அப்படித்தானுங்களே?

பொறவு கழுவி, சந்தனம் வெச்சு, ரெண்டு எலுமிச்சம்பழம் மிதிக்க உட்டுக் கொண்டாந்து நிறுத்திட்டேன். வர்ற வழியில 'ஊய்'னு ஒரு சின்னச் சத்தம். புது ஆயிலு எடம் புடிக்க வேண்டாமா, அதுக்கான சத்தம்னு உட்டுட்டேன். அன்னைக்கு உண்ட சோறு எனக்கு அமுதமா இருந்துச்சு.

மறுநா வெள்ளென கெளம்புனோம். மாப்பிள்ளை ஓட்டறாரு, நான் பக்கத்துல. பின்னால ருக்குமணி, மேகலா, மடியில புள்ளை. பொறத்தால ரெண்டு வேன்ல ஒறம்பரை. காங்கேயம் ரோட்டுல ஒரு பத்துப் பன்னண்டு கிலோமீட்டர் போயிருப்போம். இஞ்சின் கத்துது, வண்டி நகர மாட்டீங்குது. மாப்பிள்ளை மிதிக்க மிதிக்கக் கத்துதே தவிர ஒரு அடி போவலை. பின்னால வெள்ளையாப் பொகை. வேன்ல வந்தவங்க, சம்பந்தி வண்டிக்குள்ளயே சாம்பிராணி போட்டுட்டு வர்றாருன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்களாம். அப்பறந்தான் எறங்கி ஓடியாந்தாங்க.

வண்டியைக் கட்டி இழுக்க ஆளு வர்றதுக்கே மத்தியானம் ஆயிருச்சு. மொட்டை அடிக்கற நேரம் தப்பிப்போச்சு. சகுனம் சரியில்லைன்னு ருக்குமணி புடிச்ச புடியில எல்லாரும் திரும்பிட்டோம். புள்ளைக்கு அந்த முடி கண்ணுல வந்து உளுகுது. மேகலா ரப்பர் பேண்டு போட்டு உச்சியில கட்டி வெச்சிருக்கறா, தென்னங்கன்னாட்ட நிக்குது. பாக்கறப்பெல்லாம் எனக்கு வெசனமா இருக்குது.

ஆயிலு மாத்துனதுனாலயான்னுதானே கேக்க வர்றீங்க? அதாங்க இல்லை! போனது கியர்பாக்ஸு. நான் மாத்துனது இஞ்சின் ஆயிலு. வயித்துக்கு மருந்து குடிச்சாக் காலு ஒடியுமா? இங்க கொண்டாந்து பாத்தவங்க என்ன சொல்றாங்கன்னா, கியர்பாக்ஸுக்குள்ள இருக்க வேண்டிய ஆயிலே காணோமாம். ஆரோ அந்த போல்ட்டைக் கழட்டி வடிச்சுட்டு மறுபடியும் முடுக்கியிருக்கறாங்களாம். வண்டிக்கு அடியில போனது ஆரு? சீட்டுல கையெழுத்து ஆருது? தண்டபாணிதான். வேற ஆரு?

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஏப்பா, இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் வித்தியாசம் தெரியாதவனெல்லாம் எதுக்கு ஸ்பேனரைத் தொடறது? என் டிப்போவா இருந்தா அன்னைக்கே வெளியே தாட்டி உட்டிருப்பேன். போன வாரம் வந்தப்ப எல்லாருக்கும் முன்னாலயும் அவனை வெச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். நான் தொடவே இல்லீங்கய்யா, நான் தொடவே இல்லீங்கய்யான்னு அதையே சொல்லிட்டு நின்னான். பத்து நாளா அவனுக்கு வேலை குடுக்கலை. இன்னைக்கு மெட்ராஸ்ல இருந்து பெரிய ஆளு வந்து விசாரிக்கறாரு. தண்டபாணி தப்புன்னு எழுதுனா ஊட்டுக்கு அனுப்பிருவாங்க. பாவந்தான். அதுக்காகத் தப்பைத் தப்புன்னு சொல்லாம இருக்க முடியுமா?

மாப்பிள்ளைக்கு லீவு கெடைக்கலை. மாமா, நீங்க போங்க, உங்களுக்குத்தான் தொழில் தெரியும்னு என்னையத் தாட்டி உட்டாரு. இன்னொண்ணும் சொல்லணும். வெளியாளு ஆராவது வண்டியைத் தொட்டாங்களான்னு இங்க மேனேஜர் கேட்டிருக்கறாரு. அதுக்கு மாப்பிள்ளை, "எங்க மாமனார் டிப்போவுல ஹெட் மெக்கானிக்கா இருந்தவரு. வேண்டாம்னு சொன்னேன், தொடலை. தொட்டிருந்தாலும் இப்படி ஒரு தப்பு அவரு கையில நடக்காது"ன்னு சொன்னாராம். மேகலா சொன்னா. எனக்கு ரெண்டு நாளைக்குச் சோறே எறங்கலை, சந்தோசத்துல.

இருங்க, பேச்சு எங்கயோ போயிருச்சு. உங்க வண்டிக்கு வருவோம். ஆயிலை ஏன் மாத்தணும்ங்கறதுக்கு என்கிட்ட அத்தாட்சியே இருக்குது. இந்தப் பையில பாருங்க, தண்ணிப் பாட்டில்ல. வண்டியில இருந்து வடிச்சது. ஒரு லிட்டரை மட்டும் எடுத்து வெச்சேன், நாலு பேருக்குக் காட்டலாம்னு. டீக்கடையில காட்டியிருக்கறேன், கல்யாண மண்டபத்துல காட்டியிருக்கறேன், ஆரு வண்டியில வடிச்சதுன்னு மட்டும் சொல்லலை. நல்லா வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க. ஆயில்னா எப்படி இருக்கோணும்? இது நன்னாரி சர்பத்தாட்டச் செவப்பா, தண்ணியாட்ட ஓடுது. இதைத்தான் ஆயில்னு ஊத்தி விக்கறாங்க. தூளு தெரியலையேன்னு கேப்பீங்க. காந்தம் வெச்சுப் பாத்தேன், ஒண்ணும் ஒட்டலை. அவ்வளவு நைசான தூளு, காந்தத்துக்கே சிக்கலை. அப்ப எவ்வளவு ஆபத்து!

என்ன மோந்து பாக்கறீங்க? வாசமும் ஒரு தினுசாத்தான் இருக்கும். எவ்வளவு ஊத்துனேன்னா? மூணரைன்னு சொன்னேனே. குச்சியில நாலு விரக்கடை. ஆமாங்க, மேல் கோட்டுக்கும் மேல. ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க?

எந்த போல்ட்டுன்னா எப்படிச் சொல்றது? அதா, செவுத்துலயே படம் மாட்டியிருக்கறாங்களே, இதே வண்டி, வவுத்தைக் கிழிச்சுக் காட்டறாப்பல. வாங்க, காட்டறேன். இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கறேன். அன்னைக்குக் குழிக்குள்ள வேர்த்து ஊத்துதுன்னு இதைக் கழட்டி மச்சினன்கிட்டக் குடுத்துட்டேன். கண்ணாடி எதுக்கு, தடவுனாலே தெரியுமே. இது முன்சக்கரம். இங்கிருந்து ஒரு சாண் உள்ளே. எடப்பக்கம். ஆறு மூலை ஓட்டை போட்ட போல்ட்டு. இதாங்க. இதேதான். என்னமோ பேரு எழுதியிருக்குது பாருங்க.

கியர்பாக்ஸ்னு எழுதியிருக்குது.

இல்லீங்க, படம் தப்பா இருக்கும். இஞ்சின் எங்கே அப்ப? இந்தப் பக்கமா? போல்ட்டும் இந்தப் பக்கமா? பஸ்ஸுல அப்படி இருக்காதுங்களே. பஸ்ஸுல நீளவாக்குல இருக்கும். இது குறுக்கால கெடக்குது.

சித்த உக்காந்துக்கறேனுங்க. தண்ணி வேண்டாம். உட்டுருங்க, தண்ணி வேண்டாம்.

கீழே எறக்குனது, இந்தப் பாட்டில்ல இருக்கற செவப்பு, கியர்பாக்ஸ் ஆயிலு. மேல ஊத்துனது இஞ்சினுக்கு. உள்ளே ஏற்கெனவே மூணரை, நான் ஊத்துனது மூணரை. ஏழு லிட்டர். என்னுங்க? காலையில அளந்தப்ப ஏழுதான் வந்துச்சா? ஆரு அளந்தது? நீங்க எதுக்கு எங்க மாப்பிள்ளை வண்டியை அளக்கறீங்க?

அந்தப் புக்கைக் காட்டுங்க. மேல எழுதியிருக்கறது எங்க வண்டி நம்பருங்களே.

அப்ப நீங்கதான் அந்த மெட்ராஸ் ஆளு.

அட கெரகமே. எங்கூட்டுக்காரி கல்யாணம் ஆன நாள்ல இருந்து சொல்றா, தவளை தன் வாயால கெடும்னு. நான் கேட்டாத்தானே? நீங்களாவது மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, நான் எங்க உங்களைப் பேச உட்டேன்.

மெய்யைச் சொல்றேனுங்க. இப்ப ஒரு நிமிசம், இந்தப் பாட்டிலைக் கொண்டுபோயி அந்தக் கை கழுவற எடத்துல ஊத்திட்டுப் போயிறலாமான்னு தோணுச்சு. கெழவன் என்னமோ ஒளறுனான்னு நீங்களும் உட்டுருவீங்க. கேட்டது நீங்க ஒருத்தர்தான். தோணுச்சுங்க, பொய் சொல்லலை.

ஆனா அவனைப் பாருங்க. தண்டபாணியை. கையில ஒரு துணியை வெச்சுத் தொடைச்சுட்டே நிக்கறான். பத்து நாளா வேலையே இல்லாத கை, அதுல என்ன இருக்குதுன்னு தொடைக்கறான்? இந்த வாயாலதானுங்க அவனை வெச்சு வாங்குனேன். இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் வித்தியாசம் தெரியாதவன்னு. தூ, என் வாயி.

மாப்பிள்ளை திட்டியிருந்தாக்கூடப் பரவால்லீங்க. அவரு கையில நடக்காதுன்னு சொல்லிட்டாரே. அதுதான் முள்ளாட்டக் குத்துது.

எழுதுங்க. மருதாசலம், ஹெட் மெக்கானிக்கு, ரிட்டயர்டு. அதையும் சேத்தே எழுதுங்க. இல்லை, வேண்டாம், நானே உள்ளே வர்றேன். அவனுக்கு முன்னால, அன்னைக்கு நின்னாங்களே, அத்தனை பேருக்கும் முன்னால நானே சொல்றேன். வாரண்டி போனாப் போகுது. முப்பத்துநாலு வருசத்துல ஒரு கண்டக்டர் வந்து என் வண்டி நின்னுதுன்னு சொன்னதில்லை. இன்னைக்கு நானே போய்ச் சொல்றேன். மாப்பிள்ளைக்கும் நானே போன் பண்றேன், மேகலாவை நடுவுல இழுக்க மாட்டேன். பாட்டிலை நீங்க புடிங்க. என்னையப் புடிக்க வேண்டாம், நடப்பேன்.

ஏனுங்க, ஒரு நிமிசம். கோவிச்சுக்காதீங்க. காலையில இஞ்சின் ஆயிலை முழுக்க வடிச்சுத்தானே அளந்தீங்க? திரும்ப அதையே ஊத்த மாட்டீங்களே? புதுசுதானே ஊத்துவீங்க? அப்பக் கம்பெனிக்காரர் நீங்களே, உங்க கையாலயே, ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்ல மொதல் ஆயிலை எறக்கிட்டீங்க. வண்டிக்கு மொட்டை ஆயிருச்சு! இனிப் பேத்திக்குத்தான் பாக்கி.

வர்றேன், வர்றேன், நடங்க. தண்டபாணிகிட்ட மொதல்ல நான்தான் பேசுவேன். அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு. வடிச்சீங்களே, அதை வெயில்ல புடிச்சுப் பாத்தீங்களா? ஏனுங்க மறுபடியும் சிரிக்கறீங்க? மினுங்குச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.